சின்னப்பொண்ணு பெயரில் யாரோ பேசினார்கள்

இ-சேவை மையங்களில் புதிதாக உட்காரப் போகிற உங்களிடம் கொஞ்சம் பேசச் சொல்லி என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். கம்ப்யூட்டரைப் பற்றி நான் எதுவும் சொல்லப் போவதில்லை. அதில் நீங்கள் எல்லோரும் என்னைவிடக் கெட்டிக்காரர்கள். எந்தச் சான்றிதழுக்கு என்ன இணைக்க வேண்டும், சர்வர் படுத்துக்கொண்டால் யாருக்குப் போன் போட வேண்டும் என்பதெல்லாம் தானாகவே கைவந்துவிடும். ஆனால் ஒருவருடைய பெயரையும் ரேகையையும் இன்னொருவர் திருடிக்கொண்டு போய்விட்டால், பறிகொடுத்தவர் பெரும்பாலும் முதலில் வந்து நிற்கப் போவது உங்கள் மேசைக்கு முன்னால்தான். அந்த நேரத்தில் என்ன செய்ய வேண்டும் என்று எந்தப் பயிற்சியிலும் எனக்குச் சொல்லித் தரவில்லை. பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். அதைச் சொல்கிறேன்.

எனக்கு ஊர் பேளுக்குறிச்சி. வேலை கொல்லிமலை மேலே, ஒரு கூட்டுறவுச் சங்கக் கட்டடத்தின் முன்னறையில். தினமும் காலை பஸ்ஸில் கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி, சாயங்கால பஸ்ஸில் இறங்குவேன். மலைக்காரர்களுக்கு என் பெயர் தெரியாது. கம்ப்யூட்டரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். சாதிச் சான்றிதழ், முதியோர் உதவித்தொகை, ஆதாரில் போன் நம்பர் மாற்றுவது, பயிர்க் காப்பீடு, எல்லாவற்றுக்கும் என்னிடம்தான் வருவார்கள். போன வருஷம் ஓய்வு பெற்றேன். நல்ல வேலை, நல்ல ஜனங்கள். குறை என்று சொன்னால் மழைக்காலத்து நெட்வொர்க்தான்.

இன்னொரு சங்கடமும் உண்டு. மிளகு உருவி, மரவள்ளிக்கிழங்கு பிடுங்கி, களை எடுத்த கைகளில் ரேகை சரியாக இருக்காது. மெஷினில் வைத்தால் பாதிப் பேருக்கு விழாது. ஈரத்துணியால் துடைப்போம், அடுத்த விரலை வைக்கச் சொல்வோம், மறுபடி கட்டை விரலுக்கே வருவோம். ரேஷன் கடையிலும் அப்படித்தான், பணம் எடுக்கிற இடத்திலும் அப்படித்தான். 'விழவில்லை, இன்னொரு தடவை வையுங்கள்' என்ற வார்த்தையை அந்த ஜனங்கள் கேட்காத நாளே கிடையாது. ஏன் என்று யாரும் கேட்டதும் இல்லை. இதைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நான் சொல்லப் போகிற திருட்டுக்கு வழிவிட்டது இந்தப் பழக்கம்தான்.

ஒரு நாள் மதியம், சாப்பாட்டு டப்பாவைத் திறக்கப் போகிற நேரத்தில், உள்ளூர் ஸ்டேஷன் ஏட்டய்யா வந்தார். அவருக்குப் பின்னால் இரண்டு பேர். வடக்கே வெகுதூரத்து மாநிலத்துப் போலீஸ். மூத்தவருக்கு ஐம்பது வயது தாண்டியிருக்கும். வளைவுகளில் ஏறி வந்ததில் முகம் வெளுத்துப்போய், வந்ததும் வாசல்படியில் உட்கார்ந்துவிட்டார். சின்னவர் ஆங்கிலம் பேசினார். ஒரு செல்போன் நம்பரையும், அது யார் பெயரில் வாங்கப்பட்டது என்ற விவரத்தையும் என்னிடம் காட்டி, இந்த முகவரிக்கு எப்படிப் போவது என்று கேட்டார்.

பெயர் சின்னப்பொண்ணு. மலைமேலேயே குண்டூர் நாடு என்கிற ஊர்த்தொகுதியில் ஒரு சின்னக் குக்கிராமம். போட்டோவைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. வாரம் தவறாமல் என் ஜன்னல் வழியே தலையை நீட்டி, சாப்பிட்டாச்சுங்களா என்று கேட்டுவிட்டுப் போகிற அக்கா. புருஷன் இல்லை. ஒரு மகளைக் கட்டிக்கொடுத்துவிட்டு, மிளகுக் கொடிகளையும் இரண்டு மாடுகளையும் வைத்துக்கொண்டு தனியாக இருக்கிறவர். பக்கத்து வீட்டில் தம்பி சடையன் குடும்பம்.

விஷயம் இதுதான் என்று சின்னவர் சொன்னார். அவர்கள் ஊரில் ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவருக்கு ஒரு போன் வந்திருக்கிறது. போலீஸ் என்று சொல்லிக்கொண்டு, உங்கள் பெயரில் வழக்கு இருக்கிறது, வீட்டை விட்டு நகரக் கூடாது, யாரிடமும் பேசக் கூடாது என்று மிரட்டி, வீடியோவிலேயே காவல் வைத்து, அவர் சேமித்து வைத்திருந்ததையெல்லாம் உருவிக்கொண்டார்கள். அந்த போன் வந்த நம்பர் சின்னப்பொண்ணு பெயரில் இருக்கிறது. அக்காவை விசாரிக்கவும், தேவைப்பட்டால் கையோடு கூட்டிக்கொண்டு போகவும் வந்திருந்தார்கள்.

அந்த அக்காவிடம் இருப்பது பொத்தான் வைத்த பழைய போன். மகளுடைய நம்பரைக்கூட இன்னொருவர்தான் போட்டுக் கொடுக்க வேண்டும். இதையெல்லாம் சொல்லி, நீங்கள் தப்பான இடத்துக்கு வந்துவிட்டீர்கள் என்று வாதாடத்தான் முதலில் வாய் வந்தது. அப்போது ஒரு பழைய ஞாபகம் வந்து என்னை நிறுத்தியது.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் தாலுகா அலுவலகத்தில் எங்களுக்குப் பழக்கிவிட்ட அம்மா ஒருவர் இருந்தார். கடுகடுவென்று இருப்பார். சந்தேகத்தோடு வருகிறவரிடம் யாருக்காகவும் சத்தியம் செய்யாதே, நடந்ததை நடந்த வரிசையில் சொல்ல வை, அது போதும் என்பார். அன்றைக்கு அவர் சொன்னதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இருபது வருஷம் கழித்து அந்த மதியத்தில்தான் அது வேலைக்கு வந்தது.

வீட்டுக்கு ஜீப்பில் போய் இறங்கினால் ஊர் முழுக்கக் கூடிவிடும், பாதையும் பாதிக்கு மேல் நடைதான், இங்கேயே வரச் சொல்கிறேன், நீங்கள் முதலில் கொஞ்சம் தண்ணீர் குடியுங்கள் என்றேன். ஏட்டய்யா தலையசைத்தார். மூத்தவர் என் சாப்பாட்டு டப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். மோர்ச்சாதத்தை அவருக்கே கொடுத்துவிட்டேன். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை.

சடையனுக்குப் போன் போட்டுச் சொன்னேன். அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டு, அக்காவைப் பின்பக்கமாகவே மகள் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறேன், வீட்டில் ஆள் இல்லை என்று சொல்லிவிடுங்கள் என்றான். அவன் கேட்டதில் தப்பில்லை. போலீஸ் என்றால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். ஆனால் அதற்கு நான் சம்மதித்திருந்தால் அன்றோடு சின்னப்பொண்ணக்கா குற்றவாளி ஆகியிருப்பார்.

"ஓடுனா, அக்காதான் பண்ணுனாங்கன்னு ஆயிரும் சடையா. நீயும் கூட வா, ஊர்க்கவுண்டரையும் கூட்டிட்டு வா. நான் பக்கத்துலயே இருக்கறேன்" என்றேன்.

ஊர்த்தலைவரான கவுண்டரோடு சேர்த்து மூன்று பேரும் வந்தார்கள். சின்னப்பொண்ணக்கா தோட்டத்திலிருந்து அப்படியே வந்திருந்தார், சேலைக் கொசுவத்தில் மண்ணோடு. நான் விஷயத்தைச் சொன்னேன். அவருக்கு முதலில் புரியவே இல்லை. யாரோ வடநாட்டுப் பெரியவரை யாரோ மிரட்டியதற்கும் தனக்கும் என்ன தொடர்பு என்றுதான் பார்த்தார். மெல்ல மெல்லப் புரிந்தபோது, அவர் கேட்ட முதல் கேள்வி அந்தப் பெரியவரைப் பற்றியதாக இருந்தது. அவர் உயிரோடு இருக்கிறாரா என்று கேட்டார். இருக்கிறார் என்று சின்னவரிடம் கேட்டுச் சொன்னேன்.

பிறகு சின்னவர் என் மூலமாகக் கேட்டார். உங்கள் கைரேகையை யாரிடமெல்லாம் கொடுத்தீர்கள்?

அக்கா யோசிக்கவே இல்லை. என்னைக் கை காட்டினார். "இந்தம்மாகிட்டத்தானுங்க வெப்பேன். வேற யாருகிட்டயும் இல்லீங்க."

அந்தப் பேச்சை ஆங்கிலத்தில் மாற்றிச் சொல்ல வேண்டியவள் நான்தான். சொன்னேன். ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். சொல்லி முடித்ததும் வாசல்படியில் இருந்த மூத்தவர் எழுந்து உள்ளே வந்து, என் மெஷினையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். ஏட்டய்யா தரையைப் பார்த்தார்.

உங்களில் யாருக்காவது இந்த நிலை வராமல் போகாது. ஊரில் எல்லோருடைய அடையாளமும் நம் மேசை வழியாகத்தான் போகிறது. ஏதாவது திருட்டுப் போனால் முதல் சந்தேகம் நம் மேல் விழுவது நியாயம்தான். எனக்கு அப்போது அப்படித் தோன்றவில்லை. இத்தனை வருஷம் சாப்பிட்டாச்சுங்களா என்று கேட்ட வாய் இப்படிச் சொல்லிவிட்டதே என்று இருந்தது. கோபம் வந்தது. அதைத் தண்ணீரோடு சேர்த்து விழுங்கிவிட்டு, சின்னவரிடம் சொன்னேன்: என் கம்ப்யூட்டரையும் மெஷினையும் எடுத்துப் போய்ச் சோதித்துப் பாருங்கள், எழுதிக் கொடுத்துவிட்டு எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் அதற்கு முன்னால் இந்த அக்காவிடம் நான் கொஞ்சம் பேச வேண்டும், நீங்கள் எதிரிலேயே இருங்கள்.

அவர் சரி என்றார்.

யாரிடம் கொடுத்தீர்கள் என்று நான் கேட்கவில்லை. மிளகு விற்ற நாளிலிருந்து ஆரம்பித்தேன். இந்த வருஷம் மிளகை எங்கே விற்றீர்கள்? பேளுக்குறிச்சிச் சந்தையில். யாரோடு போனீர்கள்? பக்கத்து ஊர்ப் பெண்கள் ஐந்தாறு பேரோடு. விற்ற பிறகு என்ன செய்தீர்கள்? டீ குடித்தோம், வளையல் பார்த்தோம். அப்புறம்? வாளி வாங்கினோம்.

எந்தக் கடையில் வாளி வாங்கினீர்கள் என்று கேட்டேன்.

"கடையில இல்லீங்க. ஒருத்தன் குடை போட்டு உக்காந்துட்டு இருந்தான். சிம்மு சும்மா, வாளியும் சும்மான்னான்."

ரேகை வைத்தீர்களா என்று கேட்டேன். வைத்தேன், அது சிம்முக்குத்தானே என்றார். அவருக்கு அது ரேகை கொடுத்த கணக்கிலேயே வரவில்லை. சர்க்கார் காரியத்துக்கு வைப்பதுதான் ரேகை, சந்தையில் வைத்தது சும்மா.

"எத்தனை தடவை வெச்சீங்கக்கா?"

"உழுகலீன்னான். இன்னொருக்கா வெச்சேன். போட்டோ எடுத்துட்டு, கண்ணு மூடிட்டீங்கன்னு அதையும் இன்னொருக்கா எடுத்தான்."

அவ்வளவுதான் வித்தை. முதல் ரேகையும் முதல் போட்டோவும் சரியாகவே விழுந்திருக்கும். அதில் ஒரு சிம் தயார். விழவில்லை என்று சொல்லி இரண்டாவது தடவை வாங்கியதில் இன்னொரு சிம். ஒன்றை அக்கா கையில் கொடுத்துவிட்டு, மற்றதை அவன் விற்றுவிட்டான். ரேகை விழாமல் பழகிய மலைக்கார ஜனங்களிடம் அதைச் சொன்னால் யார் சந்தேகப்படுவார்கள்?

ஒருவர் பெயரில் எத்தனை செல்போன் நம்பர்கள் ஓடுகின்றன என்று பார்க்க அரசாங்கத்தின் இணையதளம் ஒன்று இருக்கிறது. அக்காவின் போனுக்கு வந்த ஓடிபியைப் போட்டுத் திறந்தேன். சின்னவர் என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தார். அக்காவுக்குத் தெரிந்த நம்பர்களோடு தெரியாத ஒன்றும் இருந்தது. அதுதான் அவர்கள் தேடி வந்தது. அதை, இது என்னுடையது அல்ல என்று அங்கேயே புகார் செய்தோம். அக்கா சொன்னதையெல்லாம் சின்னவர் எழுதிக்கொண்டார். ஊர்க்கவுண்டர் சாட்சிக் கையெழுத்துப் போட்டார். மூத்தவர் ஏட்டய்யாவிடம் ஏதோ சொன்னார். அந்த அம்மாவைக் கூட்டிப் போக வேண்டியதில்லை, நாமக்கல் சைபர் போலீஸில் புகார் கொடுக்கட்டும் என்று அதற்கு அர்த்தம்.

என் கம்ப்யூட்டரை மட்டும் எடுத்துக்கொண்டு போனார்கள். நானே சொன்னதுதானே.

அது திரும்பி வரும்வரை மையம் பூட்டிக்கிடந்தது. உதவித்தொகைக்கு வந்தவர்கள் திரும்பிப் போனார்கள். சங்கத்தில் சிலர் என்னிடம் பேசுவதைக் குறைத்துக்கொண்டார்கள். கம்ப்யூட்டரம்மாவையே போலீஸ் சோதிக்கிறது என்றால் என்னவோ இருக்கிறது என்று பஸ்ஸில் பேசிக்கொண்டது என் காதில் விழுந்தது. ஆனாலும் நான் வீட்டில் நிம்மதியாகத் தூங்கினேன். ஸ்கேன் செய்த ஆதாரை வேலை முடிந்ததும் அழித்துவிடுவது என் வழக்கம். குப்பைத்தொட்டி என்று திரையில் ஒன்று இருக்குமே, அதையும் காலி செய்துவிடுவேன். சரியாக வராத ஜெராக்ஸைக் கசக்கிப் போடாமல் கிழித்துப் போடுவேன். இதற்காக என்னைக் கேலி செய்தவர்கள் உண்டு. கம்ப்யூட்டர் சுத்தமாகத் திரும்பி வந்தது. சோதித்தவர்கள், இதில் யாருடைய அடையாளமும் மிச்சம் இல்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். பதக்கம் வாங்கிய மாதிரி இருந்தது.

மையத்தைத் திறந்த அன்று சின்னப்பொண்ணக்கா வந்தார். ஜன்னல் வழியே தலையை நீட்டவில்லை. உள்ளே வந்து நின்றார்.

"எம்மேல கோபங்களா?"

இருந்தது என்றேன். பொய் சொல்ல வரவில்லை.

"எனக்கு அப்ப நெசம்னு தோணுனதத்தானுங்க சொன்னேன். நீங்க அத அப்படியே அவுங்க பாஷையில சொன்னீங்க பாருங்க. நான் உங்க மொகத்தையே பாத்துட்டு இருந்தேன். அப்பத்தான் உங்கள நம்புனேன்."

அதற்குப் பிறகு எனக்குக் கோபம் இருக்கவில்லை. டீ சொன்னேன், குடித்தோம்.

நாமக்கல்லில் புகாரை எடுத்துக்கொண்டவர் ஒரு பெண் எஸ்ஐ. பேச்சில் நிதானம், கண்ணில் கூர்மை. அந்தக் குடைக்காரன் வேறு வேறு சந்தைகளில் உட்காருகிறவன், மறுபடி பேளுக்குறிச்சிக்கு வருவான் என்று கணித்தார். வெறும் வாய்ப்புகாரை வைத்து அவனைப் பிடித்தால் நழுவிவிடுவான், செய்கிற நேரத்தில் பிடிக்க வேண்டும், அதற்கு மலையிலிருந்து ஒரு பெண் போய் ரேகை வைக்க வேண்டும் என்றார். வேறு யாரையாவது அனுப்பலாம், இந்த அக்கா பட்டது போதும் என்று நான் தடுத்தேன். சின்னப்பொண்ணக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"என்ற பேரைத்தானுங்க எடுத்தான். நானே போறனுங்க."

சந்தை நாள் வந்தது. மலையிலிருந்து மூட்டைகள் இறங்கிக்கொண்டிருந்தன. மிளகு வரிசைக்கும் பாத்திரக் கடைகளுக்கும் நடுவில் ஒரு பெரிய குடை, ஒரு மேசை, அடுக்கி வைத்த பிளாஸ்டிக் வாளிகள். முப்பது வயதுக்குள் ஒரு ஆள், நல்ல சட்டை, சிரித்த முகம். எஸ்ஐ சாதாரணச் சேலையில் கையில் காய்கறிப் பையோடு அக்காவுக்கு மகள் மாதிரி பக்கத்தில் நின்றார். மப்டியில் இன்னும் இரண்டு பேர். நான் சீரகம் விலை கேட்கிற மாதிரி எதிர்க்கடையில் நின்றேன். கடைக்காரர் மூன்று தரம் விலை சொல்லியும் என் காதில் ஏறவில்லை.

அந்த ஆளுக்கு அக்காவை அடையாளம் தெரியவில்லை. எத்தனையோ பெண்களில் ஒருத்தி. வாங்கக்கா, உட்காருங்கக்கா என்றான். ஆதார் நம்பரைத் தட்டினான். அக்கா விரலை வைத்தார். அவன் போனைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான்.

"ரேகை உழுகலீங்கக்கா. இன்னொருக்கா வெய்ங்க."

சின்னப்பொண்ணக்கா கையை மடியில் வைத்துக்கொண்டார்.

"உழுகலீன்னா அதுல என்ன எழுதி வருதுன்னு காட்டு சாமி."

"அது இங்கிலீசுல இருக்குங்கக்கா. உங்களுக்குப் புரியாது."

"எனக்குப் புரியாது. இந்தப் புள்ளைக்குப் புரியும், இதுகிட்டக் காட்டு."

அவன் போனை இழுத்துக்கொள்வதற்குள் எஸ்ஐயின் கை அதன் மேல் இருந்தது. திரையில் முதல் ரேகை சரியாக ஏற்றுக்கொள்ளப்பட்டதாகவே இருந்தது. மப்டியில் இருந்தவர்கள் மேசையின் இரண்டு பக்கமும் வந்து நின்றார்கள். சத்தமே இல்லை. பக்கத்தில் சட்டி பேரம் பேசிக்கொண்டிருந்த பெண்கள்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

அவன் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். இரண்டாவது சிம்களை வாங்கிப் போக ஒரு ஆள் வருவான், எதற்கு என்று கேட்டதில்லை என்றான். அந்த ஆளைப் பிடித்தார்கள், அவனுக்கு மேலே இன்னொருவனையும் பிடித்தார்கள். அதற்கும் மேலே இருப்பவர்கள் கடல் கடந்து இருக்கிறார்களாம். அதுவரை போக முடிந்ததா என்று எனக்குத் தெரியாது. ஆனால் அந்தச் சந்தைகளில் விரல் வைத்த ஏராளமான பெண்களின் பெயர்களில் ஓடிக்கொண்டிருந்த நம்பர்கள் நின்றன.

இலவசமாக வந்த பழைய வாளியைச் சாட்சியாக ஒப்படைக்க வேண்டும் என்று சின்னப்பொண்ணக்கா நாமக்கல் வரைக்கும் தூக்கிக்கொண்டு வந்தார். எஸ்ஐ சிரித்துவிட்டு, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றார். மாட்டுக்குத் தண்ணீர் காட்ட இன்றைக்கும் அதுதான்.

அதற்கப்புறம் நான் சும்மா உட்கார முடியவில்லை. குண்டூர் நாட்டிலும் பெரக்கரை நாட்டிலும் ஊர் ஊராகப் போய், ஒவ்வொருவர் பெயரிலும் எத்தனை நம்பர் இருக்கிறது என்று பார்த்துச் சொன்னோம். எழுதத் தெரிந்தவர்களுக்கு, ஆதார் ஜெராக்ஸைக் கொடுக்கும் முன் எதற்கு என்று அதன் மேலேயே எழுதவும் சொல்லிக் கொடுத்தோம். அக்காதான் முன்னால் நடப்பார். நான் பேசினால் கேட்கிறவர்கள் பாதி, அவர் பேசினால் எல்லோரும். தம்பி சடையன், அன்றைக்கு ஓடிவிடலாம் என்றவன், முதல் ஆளாக வந்து போனை நீட்டினான். அவன் பெயரிலும் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது.

ஆதாரில் ரேகையைப் பூட்டி வைக்கிற வசதி ஒன்று இருப்பது உங்களுக்குத் தெரியும். நல்ல போன் வைத்திருப்பவர்களுக்குப் பூட்டிக் கொடுத்தோம். தேவைப்படும்போது திறந்துகொள்ளலாம். அக்கா வேண்டாம் என்றுவிட்டார். பூட்டினால் ரேஷன் கடையில் விரல் வேலை செய்யாது, ஒவ்வொரு தடவையும் திறந்துவிட ஆளைத் தேடி நடந்து வர முடியுமா என்றார். சரியான கேள்வி. புத்தகத்தில் உள்ள பாதுகாப்பையெல்லாம் எல்லோர் தலையிலும் கட்டாதீர்கள். அவரவர் வாழ்க்கைக்கு எது ஒத்துவரும் என்று பாருங்கள். அக்காவுக்கு ஒத்துவந்தது ஒரே ஒரு பழக்கம்தான். இரண்டாவது தடவை வைக்கச் சொன்னால், முதல் தடவை என்ன ஆச்சு என்று கேட்பது. மற்ற பெண்களும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். என்னிடமும் கேட்டார்கள். ஒவ்வொருவருக்கும் திரையைத் திருப்பிக் காட்டி, இதோ சிவப்பில் இருக்கிறது பாருங்கள், விழவில்லை என்று அர்த்தம் என்று விளக்க வேண்டியிருந்தது. வரிசை நீண்டது. மேலிடத்திலிருந்து வந்த ஒருவர், இந்த மையத்தில் வேலை மெதுவாக நடக்கிறதே என்றார். ஆமாம் சார் என்றேன். அதைவிடச் சந்தோஷமாக நான் ஒரு குறையை ஒப்புக்கொண்டதில்லை.

அக்காவுக்கு மனதில் ஒன்று மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. வழக்கு முடிந்தாலும், வடக்கே அந்த வாத்தியார் தன்னைத் திருடி என்றுதானே நினைத்துக்கொண்டிருப்பார் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். ஒரு நாள் சின்னப் போலீஸ்காரர் வேறு ஒரு விவரத்துக்காக மையத்துக்குப் போன் செய்தபோது, நான் இதைச் சொன்னேன். கொஞ்ச நாளில் அவரே வாத்தியார் வீட்டுக்குப் போய், அங்கிருந்து கூப்பிட்டார். அக்காவை வரவழைத்தேன். ஸ்பீக்கரில் போட்டேன்.

"ஐயா, கொல்லிமலையிலிருந்து சின்னப்பொண்ணு பேசறனுங்க. அது நான் இல்லீங்க."

எதிர்முனையில் வயதான குரல் ஒன்று நிதானமாக, நீளமாகப் பேசியது. சின்னவர் ஆங்கிலத்தில் சொல்ல, நான் தமிழில் சொன்னேன். எனக்குத் தெரியும் தாயே, இந்தப் பையன் சொன்னான், உங்கள் பெயரையும்தான் திருடியிருக்கிறார்கள், நாம் இருவரும் ஒரே திருடனிடம் பறிகொடுத்தவர்கள் என்றார். போனதில் கொஞ்சம் திரும்பி வந்துவிட்டது என்றார். உங்கள் மலையில் என்ன விளையும் என்று கேட்டார். மிளகு என்றார் அக்கா. மறு வாரமே ஒரு பை மிளகைக் காயவைத்துப் புடைத்துக் கொண்டுவந்துவிட்டார். பெரியவரின் முகவரியைக் கேட்டால் சின்னவர் தர மறுத்துவிட்டார். ஸ்டேஷனுக்கு அனுப்புங்கள், நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன் என்றார். இப்படி முகவரி தர மறுக்கிற போலீஸ்காரரைப் பார்க்க எனக்கு எவ்வளவு மகிழ்ச்சி என்று அவரிடமே சொன்னேன்.

இப்போது ஓய்வில் இருக்கிறேன். போன மாதம் பேளுக்குறிச்சியில் புது காஸ் இணைப்புக்காக ஏஜென்சிக்குப் போயிருந்தேன். ஆதார் ஜெராக்ஸ் கேட்டார்கள். கொடுக்கும் முன்னால், வழக்கம்போல அதன் குறுக்கே இரண்டு கோடு போட்டு, காஸ் இணைப்புக்கு மட்டும் என்று எழுதி, தேதி போட்டுக் கையெழுத்துப் போட்டேன். கண்ணாடியை வேறு வீட்டில் விட்டுவிட்டேன், மெதுவாகத்தான் எழுத வந்தது. மேசையில் இருந்த இளைஞன் பேனாவால் தட்டிக்கொண்டே, எல்லாரும் சும்மா கொடுத்துட்டுப் போறாங்க, பின்னாடி வரிசை நிக்குதும்மா என்றான்.

எனக்குப் பின்னால் ஒரு மலைக்காரப் பெண் நின்றிருந்தாள். இதற்கு முன் அவளை நான் பார்த்ததில்லை, அவளுக்கும் என்னைத் தெரிந்திருக்க நியாயமில்லை. இடுப்பில் குழந்தை, கையில் மஞ்சப்பை.

"எழுதட்டும் சாமி. எனக்கும் எழுதோணும், நாங்க நிக்கறோம்" என்றாள்.